வாசிப்பு இடர்ப்பாட்டுச் சோதனைகளின் தமிழாக்கம்: ஒரு மதிப்பீடு

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாட்டிற்கு ஆளாகக்கூடிய குழந்தைகளை எழுத்தறிமுகக் கட்டத்திலேயே இனங்கண்டு உதவ வேண்டும் என்பதில் இன்று பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆனால் இனங்காணும் கருவியை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துக்கொண்டால் போதும் என்னும் எண்ணம் மறுஆய்வுக்குரியது.

இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது பிராட்லி, பிரையன்ட் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வாகும். நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் சில ஓரசைச் சொற்களைக் கூறி, அவற்றுள் ஒலியால் ஒவ்வாத ஒன்றைச் சுட்டச் செய்தனர். இத்திறனுக்கும் பின்னாளைய வாசிப்புக்கும் தொடர்பு உண்டென்பதையும், ஒலிப்பயிற்சியோடு எழுத்துகளையும் இணைத்துக் கற்பித்தபோது பயன் மிகுந்ததையும் காட்டினர். இம்முடிவின் சிறப்பை மறுப்பதற்கில்லை. சோதனைச் சொற்களைத் தமிழாக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஆங்கிலத்தின் மெய்யீற்று ஓரசைச் சொற்களுக்கு ஈடாகக் கல், பல், கண், மண் என்பவற்றைக் கொள்வோம். பள்ளிக்கு வரும் குழந்தையின் பேச்சில் இவை கல்லு, பல்லு, கண்ணு, மண்ணு என உகரம் பெற்று ஈரசையாக வழங்குகின்றன. 'கல்' என்பதன் இறுதி ஒலி யாது என்னும் வினாவிற்கு 'லு' என அக்குழந்தை விடையளித்தால், அது ஒலியுணர்வின் குறையன்று. தன் மொழியைச் சரியாகக் கேட்டதன் விளைவே. அதனைப் பிழையெனக் கணக்கிடும் சோதனை, குறையில்லாக் குழந்தைமீது குறையைச் சுமத்திவிடும்.

எழுத்துமுறையும் வேறு. 26 எழுத்துகளுக்கு வகுத்த கால அளவை 247 எழுத்துகளுக்குப் பொருத்துதல் தகாது. கன்னடக் குழந்தைகள் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்று முடிக்க நெடுங்காலம் ஆவதையும் ஒலியனுணர்வு மெல்லவே வளர்வதையும் காட்டுகிறது. உயிர்மெய் அமைப்பில் கன்னடத்தை ஒத்த தமிழுக்கும் இது கருதத்தக்கது. எழுத்துகள் சில தெரியாமையை மட்டும் கொண்டு முதல் வகுப்பிலேயே முடிவு கட்டலாகாது. அதே வேளையில், போகப்போகச் சரியாகும் எனக் காத்திருப்பதும் தீங்கே.

எனவே வேண்டுவது பெயர்ப்பன்று, புத்தாக்கம். சோதனைச் சொற்கள் குழந்தையின் பேச்சு வடிவில் அமைய வேண்டும். அசையுணர்வை முதலிலும் ஒலியனுணர்வைப் பின்னரும் அளத்தல் பொருந்தும். ஆங்கிலத்தின் இறுதி இயைபுக்கு மாறாக நம் எதுகையைப் பயன்கொண்டு, பட்டம், கட்டு, சட்டி, மஞ்சள் என்பவற்றுள் ஒவ்வாதது எது எனக் கேட்கலாம். கற்பித்தலில், க, கா, கி, கு என மெய்யை நிறுத்தி உயிரை மாற்றிக் காட்டுதல் உதவும். ஒலிப்பில் பின்வரும் உயிரின் குறி எழுத்தில் முன்னிற்கும் கெ, கே, கை ஆகியவற்றிற்குத் தனிப் பயிற்சி தேவை.

சோதனையில் இடம்பெறும் ஒரு சொல் ஒரு குழந்தையின் பள்ளி வாழ்வையே திசைதிருப்பக்கூடும். ஆதலின் இப்பணியை உளவியலாருக்கு மட்டும் விட்டுவிடாமல், மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தொடக்கத்திலிருந்தே பங்கேற்றல் இன்றியமையாதது.