தாலி இல்லாத கெட்டிமேளம்

ட்ரெய்லர் இசைதான் இன்றைய சிம்பொனி என்ற பேச்சு பரவி வருகிறது. ட்ரெய்லர்களுக்கு இசை தயாரிக்கும் டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல் நிறுவனம் 2022இல் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்திசைக் குழுவுமாக ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி வந்தபின் அந்தப் பேச்சுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. படம் பார்க்க அல்ல, இசை கேட்கவே மக்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். இது தன் காலில் நிற்கும் கலை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்கள். மக்கள் வந்தது உண்மைதான். தன் காலில் நிற்கிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நார்வேக்காரர் தாமஸ் பெர்கர்சனும் நிக் ஃபீனிக்ஸும் 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவர்கள் இசை கடையில் கிடைக்காது. ட்ரெய்லர் தயாரிப்பவர்களுக்கு மட்டுமே போகும். ரசிகர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 2010இல் ‘இன்வின்சிபிள்’ ஆல்பம் பொதுவெளிக்கு வந்தது. பெர்கர்சனுக்கு மெட்டுக் கட்டத் தெரியும். செல்லோவையும் கொம்பு வாத்தியங்களையும் எங்கே இணைத்தால் நெஞ்சு நிறையும் என்பதும் தெரியும். ஆர்க்கெஸ்ட்ரா பக்கமே தலைவைக்காத எத்தனையோ இளைஞர்களுக்கு வாசல் திறந்துவிட்டவர் அவர். தொழிலாகப் பார்த்தாலும் இதில் குற்றமில்லை. ஒரு படத்துக்குப் பின்னணி இசை எழுதி முடிப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே அதன் ட்ரெய்லர் தயாராக வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் பழைய படங்களிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். ‘ஏலியன்ஸ்’ படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர் எழுதிய இசைத் துண்டு ஒன்று எத்தனையோ படங்களை விற்றுக் கொடுத்திருக்கிறது. 1993இல் தொடங்கிய இம்மீடியட் மியூசிக் போன்ற நிறுவனங்கள் அந்த இடைவெளியை நிரப்பின. தேவை இருந்தது, செய்து கொடுத்தார்கள்.

என் குறை வேறு. அதை நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் எழும். அதுவரை நிதானமாக ஒரு ராகத்தில் போய்க்கொண்டிருந்த நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாகப் பொங்கும். இசை என்று மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த அரை நிமிடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பெண்ணின் தாய்க்குக் கண் நிறைகிறது. அந்த ஓசைக்கு அர்த்தம் கொடுப்பது தாலி. தாலியை விட்டுவிட்டுக் கெட்டிமேளத்தை மட்டும் பதிவுசெய்து, யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அடுக்கி வைத்தால் எப்படியிருக்கும்? ட்ரெய்லர் இசை அப்படித்தான் இருக்கிறது.

அது கட்டப்படும் விதத்திலேயே இது தெரியும். ட்ரெய்லர் பெரும்பாலும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தனியாக ஒரு பியானோ சுரம், பிறகு வயலின்கள் ஒரே தாளத்தில் அறுக்கத் தொடங்கும், பிறகு பெருமுரசுகள், திடீரென ஒரு நிசப்தம், அதில் கதாநாயகன் பேசும் ஒரு வரி, அதன்பின் கோரஸ், பித்தளை வாத்தியங்கள், படத்தின் பெயர். எடிட்டர் எந்த இடத்தில் வெட்டினாலும் காயம் தெரியக் கூடாது. அதற்காகவே முரசு தனி, கோரஸ் தனி, தந்தி வாத்தியம் தனி என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எங்கே வெட்டினாலும் தாங்க வேண்டுமென்றால் ஒரு பகுதி அடுத்த பகுதியைச் சார்ந்திருக்கக் கூடாது. அதனால் நான்கு கார்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன, அவற்றின் மேல் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஏறுகிறதே தவிர, எங்கும் போவதில்லை.

ராவெலின் ‘பொலேரோ’வும் அப்படித்தானே என்று ஒரு நண்பர் மடக்கினார். ஒரே தாளம், திரும்பத் திரும்ப அதே மெட்டு, ஏறிக்கொண்டே போகும் ஓசை. சரிதான். ஆனால் 1928இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பில் ராவெல் கால் மணி நேரம் நம்மை ஒரே சுருதியில் உட்கார வைக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் மெட்டுக்கு வேறு வாத்தியத்தின் நிறம் கிடைக்கிறது. முடிவு நெருங்கும்போது சுருதியைச் சட்டென்று வேறோர் இடத்துக்குத் தூக்குகிறார். அதுவரை உட்கார்ந்திருந்த தரையே பெயர்ந்ததுபோல் இருக்கிறது. அந்த ஒரு நகர்வுக்காகத்தான் அத்தனை காத்திருப்பும். நம் ஆலாபனையிலும் இதே நேர்மை உண்டு. கீழிருந்து ஒவ்வொரு சுரமாக நின்று, தங்கி, திரும்பி வந்து, பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது அது பாடகரும் கேட்பவரும் சேர்ந்து சம்பாதித்தது. ட்ரெய்லர் இசை அந்த மேல் ஷட்ஜத்தைக் கடனாக வாங்கித் தருகிறது. கேட்பவருக்கு மயிர்க்கூச்செறிகிறது. எதற்காக என்று கேட்டால் பதிலில்லை.

‘ஹார்ட் ஆஃப் கரேஜ்’ என்ற டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் ஹெல்லின் புகழ்பெற்ற துண்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு நிமிடம்கூட இல்லை. விண்வெளிப் போரைச் சொல்லும் ‘மாஸ் எஃபெக்ட் 2’ வீடியோ விளையாட்டின் ட்ரெய்லருக்கு அது பொருந்தியது. 2012 ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தில் அணிகள் மைதானத்துக்குள் வரும்போதும் அதுவே ஒலித்தது. எங்கும் பொருந்துவதை இதன் வலிமை என்கிறார்கள். எங்கும் பொருந்தும் சட்டையை எவருக்கும் அளவெடுத்துத் தைத்திருக்க முடியாது. தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாருடைய தைரியம், எதற்கு எதிரான தைரியம் என்று அந்த இசைக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் வியாபார நிபந்தனை.

கோரஸிலும் இதே வெறுமைதான். இந்த வகை இசையில் கோரஸ் பாடுவது பல நேரம் லத்தீன்போல ஒலிக்கும் அசைகள் மட்டுமே. மூலமாதிரியாக எல்லோரும் காட்டுவது கார்ல் ஆர்ஃபின் ‘கார்மினா புரானா’. 1937இல் அரங்கேறிய அந்தப் படைப்பின் தொடக்கப் பாடல், தேய்ந்து வளரும் நிலவுபோல மாறிக்கொண்டேயிருக்கும் விதியை முன்னிறுத்திப் புலம்புகிறது. மனிதர்கள் எழுதிய சொற்கள் அவை, ஒரு துயரம் அவற்றில் இருக்கிறது. அதிலிருந்து சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லை வெளியே போட்டுவிட்டார்கள்.

இங்கே தமிழ்ப் படங்களின் ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் படத்தின் இசையமைப்பாளரே இசையமைக்கிறார். அதனால் நாம் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வடிவம் எப்போதோ வந்துவிட்டது. நிசப்தம், ஒற்றை வசனம், இடி என்று எண்ணிக்கொண்டே பார்க்க முடிகிறது. இந்த வடிவத்துக்குப் பழகிய காது, மெல்ல வளரும் இசையை ‘போர்’ என்று தள்ளிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. இதைச் சிம்பொனி என்று அழைப்பவர்கள் அந்தக் காதைத் திருத்துவதற்குப் பதில் அதற்குப் பட்டம் கட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று ஒன்று இருக்கிறது. டேரன் அரனாஃப்ஸ்கியின் ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ படம் 2000இல் வந்தது. போதையில் அழிந்துபோகும் நான்கு பேரின் கதை. அதற்கு கிளின்ட் மான்செல் எழுதிய ‘லக்ஸ் எடெர்னா’வை க்ரோனோஸ் குவார்ட்டெட் வாசித்தது. நான்கே தந்தி வாத்தியங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருகின்றன, மீள முடியாதவர்களைப்போல. அங்கே அந்தத் திரும்பலுக்கு அர்த்தம் இருந்தது. 2002இல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் இரண்டாம் படமான ‘தி டூ டவர்ஸ்’ ட்ரெய்லருக்காக அதையே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கோரஸுக்கும் ஊதிப் பெருக்கினார்கள். அழிவின் இசை போர்முழக்கமானது. கேட்டவர்கள் சிலிர்த்தார்கள், நானும் சிலிர்த்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். அதன்பின் ட்ரெய்லர் இசை என்றாலே அதுதான் அளவுகோல் என்றாகிவிட்டது.

‘தி டூ டவர்ஸ்’ படத்துக்கு ஹோவர்ட் ஷோர் உண்மையில் எழுதிய இசையில், ரோஹன் நாட்டு மக்களின் கருப்பொருளை நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடில் வாசிக்கிறது. குதிரை வளர்க்கும் ஒரு மக்களின் தனிமையும் பெருமையும் அந்த ஒற்றை வாத்தியத்தில் இருக்கின்றன. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில், ட்ரெய்லரில் நம்மை எழுப்பி உட்கார வைத்த இசை ஒரு நொடிகூட வருவதில்லை.