ஒலிவியே ரோயின் ‘ஜிஹாதும் மரணமும்’: ஒரு விமர்சன நோக்கு

மேற்குலகில் பிறந்து வளர்ந்தோர் தம் சொந்த மண்ணிலேயே பயங்கரவாதிகளாக உருவெடுப்பது ஏன் என்னும் வினாவை ஆராயும் நூல்களுள், பிரெஞ்சு அரசியல் அறிஞர் ஒலிவியே ரோய் 2016இல் வெளியிட்ட ‘ஜிஹாதும் மரணமும்’ தனித்து நோக்கத்தக்கது. 1994 முதல் பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளிலிருந்து வன்முறைக் குழுக்களில் இணைந்த ஏறத்தாழ நூறு பேரின் வாழ்க்கைத் தரவுகளே அவரது ஆய்வின் அடிப்படை. அவர்களுள் பெரும்பான்மையினர் குடியேறியோரின் இரண்டாம் தலைமுறையினர். ஏறத்தாழ நான்கில் ஒருவர் இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவர்.

இவ்விரு சாராரையும் இணைப்பது யாது? இருவருக்குமே மார்க்கம் பெற்றோரிடமிருந்து வாழ்வியல் மரபாக வந்து சேரவில்லை என்பது ரோயின் விடை. எனவே இஸ்லாம் தீவிரமடையவில்லை, முன்னரே இருந்த கலக மனப்பான்மையே இஸ்லாமிய வேடம் பூண்டது என்கிறார் அவர். ஸலஃபிச் சிந்தனையின் பங்கை அவர் குறைத்து மதிப்பிடுவதாக கில் கெப்பெல் மறுத்தார். போர்களும் காலனியத்தின் வடுக்களும் விளைவித்த அரசியல் சினத்தை இருவருமே புறந்தள்ளுவதாக பிரான்சுவா புர்கா குறைகூறினார்.

ரோயின் முடிவு முஸ்லிம் வாசகருக்கு ஆறுதல் அளிக்கக்கூடியது. ஆயின் அவ்வாறுதலோடு நூலை மூடிவிடுதல் தகாது. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வருள் ஒருவரான ஜெர்மெய்ன் லின்ட்சே, ஜமெய்க்காவில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். அவர் அப்துல்லாஹ் அல்ஃபைஸல் என்னும் பிரசாரகரின் பேச்சால் பெரிதும் ஈர்க்கப்பட்டவர் என அரச அறிக்கை பதிவு செய்தது. கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காக 2003இல் சிறையிடப்பட்ட ஃபைஸலும் இஸ்லாத்தைத் தழுவியவரே. ஆக, அங்கு மார்க்கக் கல்வி முற்றாக இல்லாமற் போகவில்லை; தகாத ஆசானொருவர் இருந்தார். இதனை விளக்க ரோயின் கோட்பாடு போதாது.

கெப்பெலின் வாதமும் இங்கே முழுமை பெறுவதில்லை. 1990களின் முற்பகுதியில் அதே ஃபைஸலைத் தம் பள்ளிவாசலிலிருந்து விலக்கியவர்கள் லண்டன் பிரிக்ஸ்டனைச் சேர்ந்த ஸலஃபிகள். அவர்களுள் பலர் தாமும் இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவர்கள். எனினும் விலக்கப்பட்ட குரல் ஓய்ந்துவிடவில்லை. ஒலிநாடாக்களின் வழியே அது இளைஞரைச் சென்றடைந்தது.

இவ்விடத்தில் நம் வரலாறு ஒரு படிப்பினையைத் தருகிறது. கவாரிஜ்கள் பிரிந்து சென்றபோது கலீஃபா அலீ (ரலி) அவர்கள் முதலில் வாளை அனுப்பவில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை வாதிக்க அனுப்பினார்கள். குர்ஆனைக் கொண்டே அவர் விடையளித்தார்; ஆயிரக்கணக்கானோர் மீண்டனர். எஞ்சியோர் இரத்தம் சிந்தத் துணிந்த பின்னரே போர் நிகழ்ந்தது.

‘அவர்கள் எம்மவர் அல்லர்’ எனக் கூறுவது எளிது. 1926இல் இஸ்லாத்தைத் தழுவிய முஹம்மது அஸத் பின்னர் குர்ஆனுக்கு விரிவுரை எழுதியதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அவரை நம்மவர் எனச் சொந்தம் கொண்டாடும் சமூகம், கலிமாச் சொன்ன மறுநாள் தனித்து நிற்கும் இளைஞனுக்கு அருகமர்ந்து கற்பிப்பவர் யார் என்ற வினாவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ரோயின் நூல் அவ்வினாவின் வாயில்வரை நம்மை அழைத்துச் செல்கிறது. அதற்கு விடையளிக்கும் கடமை நம்முடையது.