குறி தப்பும் காற்றுத் துப்பாக்கி: சைட்டைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

தூத்துக்குடிக்காரர்களில் பலர் காற்றுத் துப்பாக்கியை முதன்முதலாகத் தோளில் வைத்தது திருவிழாவின் பலூன் கடையில்தான். பலூன் உடையவில்லை என்றால் “சைட்டை வளைச்சு வச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். சொந்தமாக ஏர் ரைஃபிள் வாங்கியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். குறி தப்பியதும் முதலில் கை போவது சைட்டின் திருகுக்குத்தான். இந்தக் கடற்கரை ஊரில் வைத்துச் சுட்டுப் பார்த்ததில் நான் உறுதியாகச் சொல்வேன்: சைட் கடைசியாகத் தொட வேண்டிய பாகம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, குழலை மடக்கி ஏற்றும் உள்நாட்டுத் தயாரிப்பு ஸ்பிரிங் ரைஃபிள். இன்னொன்று, நண்பர் ஒருவரிடம் இருந்த, நிஜக் கைத்துப்பாக்கியைப் போலவே செய்த கரியமில வாயு பிஸ்டல். இது செமி ஆட்டோமேட்டிக். டிரிகரை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அடுத்த குண்டு தானாக ஏறும். பயன்பாட்டில் இல்லாத ஓர் உப்புக் குடோனுக்குள் 10 மீட்டர் அளந்து, இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கிச் சுட்டோம்.

ரைஃபிள் எப்படி வேலை செய்கிறது?

குழலை மடக்கும்போது உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் அமுங்கிக்கொள்கிறது. டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நெருக்க, அந்த அழுத்தம் குண்டைத் தள்ளுகிறது. அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 10 ஜூல். பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் உதறும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஸ்பிரிங் ரைஃபிளின் குறி தொடர்பான சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் போட்டியில் பயன்படுத்தும் ரைஃபிள் வேறு வகை. முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றில் இயங்குவதால் அதில் உதை அநேகமாகக் கிடையாது. 10 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அந்தத் துல்லியத்தை ஸ்பிரிங் ரைஃபிளிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒழுங்காகப் பராமரித்தால் இரண்டரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அது தாராளமாக அடிக்கும்.

பழுது பார்க்கும் வரிசை

முதலில் திருகுகள். மரக்கட்டையையும் இரும்பையும் பிணைக்கும் திருகுகள் ஒவ்வொரு உதறலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஈரக்காற்றில் மரம் ஊதியும் சுருங்கியும் வேலை காட்டுவதால் நம் ஊரில் இது சீக்கிரமே நடக்கிறது. நாங்கள் எடுத்த ரைஃபிளில் முன்பக்கத் திருகுகள் இரண்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. அவற்றை இறுக்கியதும், ஆறு சென்டிமீட்டருக்குச் சிதறிக்கொண்டிருந்த துளைகள் நான்கு சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டன. ஸ்குரூடிரைவர் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது குண்டு. பெல்லட் என்ற ஈயக் குண்டின் பின்பக்கம் பாவாடைபோல் மெல்லியதாக இருக்கும். டப்பா கீழே விழுந்தால் நசுங்கிவிடும். நசுங்கிய பக்கம் காற்று கசிந்து குண்டு கோணலாகப் போகும். ஒவ்வொன்றையும் விரலில் உருட்டிப் பார்த்து நசுங்கியதை ஒதுக்குங்கள். வெள்ளைப் பூப்பு படிந்த ஈயக் குண்டையும் ஒதுக்குங்கள். கடல் காற்றில் திறந்து வைத்த டப்பாவில் அது வெகு சீக்கிரம் வரும். 10 மீட்டருக்குத் தட்டை மூக்குக் குண்டே நல்லது. காகிதத்தில் துளையும் சுத்தமாக விழும். ஒரு குழலுக்கு ஒரு வகைக் குண்டுதான் ஒத்துவரும். இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; ஈயம் விஷம்.

மூன்றாவது காற்றுக் கசிவு. குழல் மடங்கும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து அந்த இணைப்பின் மேல் வைத்து, குண்டு போட்டு இலக்கை நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று அந்த வழியே வீணாகிறது என்று பொருள். வளையத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வேகம் சீராவதால் துளைகள் மேலும் கீழுமாக விழுவது நின்றுவிடும். குண்டு போடாமல் மட்டும் ஒருபோதும் சுடாதீர்கள். தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் மோதி அதன் வாஷர் கிழியும்.

நான்காவது குழல். புதுத் துப்பாக்கியின் குழலில் தொழிற்சாலை கிரீஸ் இருக்கும். அதைத் துணியால் துடைத்து எடுக்கும் வரை குண்டு ஒரே இடத்தில் விழாது. பிஸ்டன் பக்கம் பெட்ரோலிய எண்ணெய் இறங்கினால், நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அது எரிந்து புகை வரும், சத்தம் பெருகும், வேகம் கன்னாபின்னாவென்று மாறும். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழல் வாயின் உள்விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் சுற்றித் தடவுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. அதைச் சரிசெய்வது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

ஐந்தாவது பிடி. இறுக்கிப் பிடித்தால் நன்றாகச் சுடலாம் என்ற நினைப்பு ஸ்பிரிங் ரைஃபிளுக்குப் பொருந்தாது. முன்னால் இருக்கும் கையின் உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா தாங்கி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்கினால் உதறலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டரை சென்டிமீட்டர் என்று நான் சொன்ன அளவு, பிடியை மாற்றிய பிறகுதான் வந்தது.

இவை ஐந்தும் சரியான பிறகும் துளைகள் நெருக்கமாக, ஆனால் மையத்திலிருந்து விலகி விழுந்தால் மட்டும் சைட்டைத் திருகுங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் 45 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், அரை மில்லிமீட்டர் பிசகு 10 மீட்டரில் 11 மில்லிமீட்டராகிவிடும். ஸ்கோப் போடுபவர்கள் காற்றுத் துப்பாக்கிக்கென்றே செய்ததை வாங்க வேண்டும். முன்னும் பின்னுமான உதறல் சாதாரண ஸ்கோப்பைக் கெடுத்துவிடும்.

பிஸ்டல் எப்படி?

கையில் எடுத்தால் கனம், தோற்றம், ஸ்லைடு பின்னே போய் வரும் விதம் எல்லாமே அசலைப் போல இருக்கின்றன. துல்லியத்தில்தான் பின்தங்குகிறது. அதன் குழலில் முறுக்குப் பள்ளம் இல்லை, எஃகுக் குண்டு சுழலாமல் போகிறது. அதற்கு மேல் நம் ஊர் வெயில். 12 கிராம் சிலிண்டரில் கரியமில வாயு 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தமும் 30 டிகிரியில் சுமார் 72 பார் அழுத்தமும் கொடுக்கும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக நிற்காது. அப்போது ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். மே மாதத் தூத்துக்குடியில் நிழலிலேயே 31 டிகிரி சர்வசாதாரணம். மடமடவென்று சுட்டால் இன்னொரு தொல்லை: வாயு விரியும்போது சிலிண்டர் குளிர்ந்து, வேகம் குறைந்து, குண்டுகள் கீழே கீழே இறங்கும். காலை நேரத்தில், குண்டுக்குக் குண்டு சில வினாடிகள் விட்டுச் சுட்டபோது சிதறல் கண்கூடாகக் குறைந்தது. சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். எஃகுக் குண்டு திரும்பித் தெறிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது.

காற்றும் உப்பும்

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மொட்டைமாடியில் வைத்துத் துல்லியம் சோதிக்காதீர்கள். அரை கிராம் குண்டைப் பக்கக் காற்று எளிதில் தள்ளிவிடும். சுட்டு முடித்ததும் வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். வியர்வைக் கை பட்ட இடத்தில் மறுநாளே துரு தெரியும் ஊர் இது. துணி உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும் என்பதால் உறையோடு அடைத்து வைக்க வேண்டாம்.

ஆயுத விதிகள் 2016-ன்படி, 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பொருளல்ல. பிரதி பிஸ்டலை எட்ட நின்று பார்க்கும் போலீஸ்காரருக்கு அது நிஜத் துப்பாக்கிதான். உப்பளங்களில் இறங்கும் கொக்கும் பூநாரையும் இலக்கல்ல. பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் குற்றம்.

தீர்ப்பு: காகித இலக்கில் சுடப் பழக விரும்புகிறவர்கள் ஸ்பிரிங் ரைஃபிளைத் தயங்காமல் வாங்கலாம், பொறுமையாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். கரியமில வாயு பிஸ்டலைத் துல்லியத்துக்காக வாங்காதீர்கள், அதிலும் இந்த வெயிலில். ஏற்கெனவே ரைஃபிள் வைத்திருந்து குறி தப்புகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள், புதிது வாங்கும் முன் இன்றைக்கே அந்த முன்பக்கத் திருகுகளை இறுக்கிப் பாருங்கள்.