தவறான மனச்சான்றின் உரிமை

1521இல் வோர்ம்ஸ் பேரவையில் பேரரசரின் முன் நின்ற மார்ட்டின் லூதர், தன் மனச்சான்று இறைவார்த்தைக்குக் கட்டுப்பட்டது, எழுதியதைத் திரும்பப் பெற இயலாது என்று மறுத்தார். ஐரோப்பாவில் மனச்சான்றுச் சுதந்திரத்தின் வரலாற்றை இந்த மறுப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அதே லூதரின் பிற்காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிதக் கொள்கையை வாளால் தடுக்க முடியாது என்று 1523இல் எழுதியவர், 1536இல் தன் சகாவான மெலாங்க்தன் வரைந்த ஒரு கருத்துரையில் கையெழுத்திட்டார். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத மறுஞானஸ்நானக்காரர்களுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்றது அது. அதற்கும் முன்பே, 1527 ஜனவரியில், பெலிக்ஸ் மான்ஸ் என்ற மறுஞானஸ்நானக்காரரைச் சூரிச் நகரில் லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். தண்டனையை விதித்தது ரோமாபுரி அல்ல, சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நகர மன்றம். இதை ஒருவருடைய தடுமாற்றம் என்றோ வயதான காலத்துக் கடுமை என்றோ தள்ளிவிட முடியாது. இறைவார்த்தைக்குக் கட்டுப்பட்ட மனச்சான்றுக்கே மதிப்பு என்று வைத்துக்கொண்டால், அந்த வார்த்தையை வேறுவிதமாகப் படிப்பவனுக்கு மனச்சான்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. கோளாறு கொள்கையிலேயே இருக்கிறது.

1553 அக்டோபர் 27 அன்று, திரித்துவத்தை மறுத்த மிகேல் செர்வெட்டஸ் ஜெனீவாவுக்கு வெளியே சம்பேல் மேட்டில் எரிக்கப்பட்டார். மறு ஆண்டே பாசெல் நகரிலிருந்து செபாஸ்டியன் கஸ்தேலியோ, பதிதரைத் துன்புறுத்தலாமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி, புனைபெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். லூதரும் ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வினும் முன்னொரு காலத்தில் கருணையாக எழுதியவற்றையே அதில் திரட்டிக் கொடுத்திருந்தார். எதிராளியின் பழைய வாக்கை எதிராளியிடமே நீட்டும் இந்தக் குறும்பு ஜெனீவாவுக்கு எவ்வளவு எரிச்சலூட்டியிருக்கும் என்று ஊகிக்கலாம். கொலையும் திருட்டும் குற்றம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. திரித்துவமும் ஞானஸ்நானமும் முன்குறித்தலும் நூற்றாண்டுகளாகச் சர்ச்சையிலேயே இருக்கின்றன. தெளிவாகாத ஒன்றுக்காக உயிரை எடுக்கலாமா என்பது அவர் வாதம். அந்தக் காலத்து அளவுகோலை விட்டு இன்றைய அளவுகோலால் கால்வினை அளக்கிறோம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு நூலே மறுமொழி. அளந்தவர் அதே காலத்தவர், அதே விவிலியத்தை மொழிபெயர்த்தவர், ஜெனீவாவில் கால்வினுக்குக் கீழே பள்ளி நடத்தியவர்.

ஆனாலும் கஸ்தேலியோவின் வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. கால்வின் தரப்பில் நின்று மறுப்பெழுதிய தியோடர் பேசா அதைச் சரியாகவே பிடித்தார். கோட்பாடுகள் ஐயத்துக்குரியவை என்றால் விசுவாசம் எதன்மேல் நிற்கும்? ஐயத்தின்மேல் எழுப்பிய சமயப் பொறை, ஐயப்படுகிறவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தன் நம்பிக்கையில் உறுதியாக இருப்பவனுக்கு அது சொல்லக்கூடியது ஒன்றுமில்லை; துன்புறுத்தும் வல்லமையோ பெரும்பாலும் அவன் கையில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ரோஜர் வில்லியம்ஸ் முக்கியமாகிறார். 1635இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றத் தீர்ப்புப் பெற்று, மறு ஆண்டு பிராவிடன்ஸ் ஊரை நிறுவிய இவர் ஐயவாதி அல்ல. எந்தச் சபையும் தூய்மையில் தேறவில்லை என்று ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே போன மனிதர். அவருடைய எதிர்வாதி பாஸ்டன் போதகர் ஜான் காட்டன். ஒருவனுக்கு உண்மையை எடுத்துச் சொல்லி இருமுறை எச்சரித்த பிறகும் அவன் பிடிவாதம் பிடித்தால், அவன் தன் மனச்சான்றுக்கு எதிராகவே பாவம் செய்கிறான். ஆகவே அவனைத் தண்டிப்பது மனச்சான்றைத் தண்டிப்பதாகாது என்றார் காட்டன். லூதரின் கொள்கையில் மறைந்திருந்ததை இவ்வளவு பச்சையாக வேறொருவர் சொன்னதில்லை என்பேன். வில்லியம்ஸ் 1644இல் லண்டனில் அச்சிட்ட நூலில், விவிலியத்தில் வரும் கோதுமையும் களையும் பற்றிய உவமையை எடுத்துக்கொண்டு இதற்கு விடையளித்தார். வயல் என்பது சபை அல்ல, உலகம்; களை களைதான், அதில் அவருக்குச் சந்தேகமில்லை; ஆனால் அறுவடைக்கு முன் அதைப் பிடுங்கும் வேலை அரசுக்குத் தரப்படவில்லை. சபை தன் எல்லைக்குள் கண்டிக்கட்டும், விலக்கட்டும். யூதரும் துருக்கியரும் புறச்சமயத்தாரும் குடிமக்களாக வாழட்டும். இங்கிலாந்து நாடாளுமன்றம் அந்த நூலை எரிக்க உத்தரவிட்டது. குவேக்கர் என்ற சமயக் குழுவினரை வெளியேற்றும்படி அண்டைக் குடியேற்றங்கள் 1657இல் கேட்டபோது, பிராவிடன்ஸ் அடங்கிய ரோட் தீவு மறுத்தது. பாஸ்டனோ 1660இல் குவேக்கரான மேரி டையரைத் தூக்கிலிட்டது. குவேக்கர் கொள்கையை வில்லியம்ஸ் அருவருத்தார். 1672இல் முதுமையிலும் நியூபோர்ட்டுக்குப் படகு வலித்துப் போய் அவர்களோடு நாள்கணக்கில் வாதாடினார். ஆனால் அவர்கள்மேல் அதிகாரத்தை ஏவவில்லை. உறுதியும் பொறையும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொறை இறையியலால் வரவில்லை, போரின் களைப்பாலும் வணிகத்தின் தேவையாலும் வந்தது என்பது வலுவான எதிர்வாதம். பாதி உண்மையும்கூட. ஆனால் களைப்பு தருவது போர்நிறுத்தம் மட்டுமே. பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த 1598இன் நாந்து ஆணை 1685இல் ரத்தானது. வணிகம் தரும் பொறையோ இலாபக் கணக்கு மாறும் இடத்தில் மாறிவிடும். சமயத்துக்காக எவரையும் விசாரிக்கலாகாது என்று 1579இல் உத்ரெக்ட் உடன்படிக்கையில் எழுதிய அதே டச்சுக்காரர்கள், 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகள் வேடம் மாற்றித்தான் அங்கே நுழைய முடிந்தது. ஆம்ஸ்டர்டாமில் மறைவிடத் தேவாலயங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்ட வணிகர்களுக்கு, போர்த்துக்கீசியரின் சமயம் யாழ்ப்பாணத்தில் அரசியல் ஆபத்தாகத் தெரிந்தது. கொள்கை இல்லாத இடத்தில் வசதி எதையும் காப்பாற்றாது.

1689இல் வெளிவந்த, சமயப் பொறை பற்றிய ஜான் லாக்கின் மடலில், வற்புறுத்தல் நம்பிக்கையை உண்டாக்காது, பாசாங்கைத்தான் உண்டாக்கும் என்ற வாதமே முன்னால் நிற்கிறது. ஜோனாஸ் ப்ரோஸ்ட் மறு ஆண்டே அதில் ஓட்டை கண்டார்: வலிமை நேரடியாக நம்ப வைக்காது, ஆனால் கேட்க மறுப்பவனைக் கேட்க வைக்கலாமே! குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எவரும் இதை மறுக்க முடியாது. லாக் பிறகு பற்றிக்கொண்ட விடைதான் உறுதியானது: ஒவ்வோர் அரசனும் தன் சமயமே மெய் என்று நம்புகிறான், ஆகவே மெய்ச்சமயத்துக்கு மட்டும் வாளைக் கொடுக்க வழியில்லை. ரோட்டர்டாமில் அகதியாக இருந்த பியேர் பேய்ல் 1686இலேயே இதையும் தாண்டி, தவறும் மனச்சான்றுக்கும் உரிமை உண்டு என்றார். அப்படியானால் மனச்சான்றோடு துன்புறுத்துபவனை என்ன செய்வது என்ற கேள்வி அவரையே திருப்பித் தாக்கியது. அவர் தந்த விடைகள் முழு நிறைவு தருவனவல்ல. ஆனால் நாத்திகரும் ஒழுங்காக வாழும் சமூகம் சாத்தியம் என்று எண்ணிப்பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. லாக்குக்கு அது இல்லை. நாத்திகரின் சத்தியவாக்கு அவரைக் கட்டாது என்றும், அயல்நாட்டு அதிபதிக்குக் கீழ்ப்படிபவரைப் பொறுக்க இயலாது என்றும் விலக்கினார். மனச்சான்று மதிக்கப்பட்டது அது கடவுளுக்குப் பதில் சொல்வதால்தான் என்றால், கடவுளை ஏற்காதவரின் மனச்சான்று காவலில்லாமல் வெளியே நிற்கும். இந்த மரபின் தீராத குறை இதுவே.

லாக் விலக்கிய இரு தரப்பாருக்கும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கத்தோலிக்கர் அமர 1829 வரை காத்திருக்க நேர்ந்தது. நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் தேர்ந்தெடுக்கப்பட்டும், தடையின்றி இருக்கையில் அமர்ந்தது 1886இல்தான். கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கும் உரிமையைச் சட்டம் 1888இல் எல்லோருக்கும் கொடுத்தது.