காதற் சிரிப்பும் கத்தோலிக்கக் கண்ணும்

ஹற்றன் திருச்சிலுவைக் கோவிலிலும் நுவரெலியா சவேரியார் கோவிலிலும் ஞாயிறு பூசையிலே கலியாண ஓலை வாசிக்கக் கேட்டு வளர்ந்த நம்மவர், காதலை வைத்துச் சிரிப்பூட்டும் படமொன்றின் முன் அமரும்போது, ரசனையையும் விசுவாசத்தையும் எவ்வாறு ஒருங்கே வைத்துக்கொள்வதென்று சற்றே தயங்குவதுண்டு. கதாநாயகியின் தோளிலே கைபட்ட கணத்தில் முகந்திருப்புவதே பக்திக்கு லட்சணம் என்று எண்ணுவோர், பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் குறித்து விடுத்த சுற்றுமடல், அதன் தீங்குகளைக் கடிந்துரைத்ததோடு, களைத்து உழைப்பவருக்குப் பொழுதுபோக்கு இன்றியமையாதது என்பதையும் ஒப்புக்கொண்டதை அறியாதவரே. ஆண்டவர் தம் முதற் புதுமையைச் செய்ததும் கானாவூர்க் கலியாண வீட்டிலேயன்றித் துக்க வீட்டிலன்று.

ஆகவே, முதலிற் கவனிக்க வேண்டியது சம்மதம். மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தை மணமக்களின் சுயாதீனமான சம்மதமே உண்டாக்குகிறது; அச்சம்மதத்தைப் பெறும்பொருட்டு, இல்லறத்தையே குலைக்கக்கூடிய ஒரு தன்மையை மறைத்து வஞ்சித்தால் அவ்விவாகம் செல்லாதென்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1098ஆம் விதி கூறுகிறது. காதல் நகைச்சுவையோ ஆள்மாறாட்டமின்றி ஓர் அடியும் நகராது! ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில், ஏழை அசோக் கோடீசுவரரின் புதல்வனாகவும், முத்துராமன் நரைமுடி வைத்து அவனுக்குத் தகப்பனாராகவும் நடிப்பதைக் கண்டு நாம் குலுங்கிச் சிரிக்கிறோமே, அது பாவத்துக்குச் சிரிப்பதாகுமா? ஏமாறுபவர் யார் என்று பாருங்கள். எஸ்டேட்டில் உத்தியோகம் பார்த்து நீக்கப்பட்ட அசோக்கின் நிலைமை அவன் காதலி நிர்மலாவுக்குத் தெரியும். ஏமாறுபவர் அவளுடைய தகப்பனார், எஸ்டேட் முதலாளி விசுவநாதன். அவராக நடிக்கும் பாலையா எவ்வளவு நயமாகக் காட்டுகிறார், அந்தஸ்து என்ற சொல் காதில் விழுந்ததும் குழைகின்ற அந்த முகத்தை! பொய் பொய்தான் என்றாலும், அது பேராசையைத் தோலுரிக்கிறதேயன்றிப் பெண்ணின் மனத்தைத் திருடவில்லை. மணப்பெண்ணே ஏமாற்றப்பட்டு, இறுதிக்காட்சியில் ஒரு புன்னகையோடு அதை மன்னித்துவிடும் படங்களைத்தான் நான் ஐயத்தோடு பார்ப்பேன்.

மலையகத்து ரசிகர் இப்படத்திற் பிறர் காணாத ஒன்றையும் காண்பார். வேலை போன இளைஞன் துரை பங்களாவின் முன்னே கூடாரமடித்துப் போராடுவது ஆழியாற்றுப் பக்கம் படமாக்கப்பட்ட அந்த உலகத்தில் வேடிக்கை. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போய்விடும் என்ற அச்சத்தோடு பெரட்டுக்குச் சென்ற பரம்பரைக்கு அது முற்றிலும் வேடிக்கையன்று. அதே 1964ஆம் ஆண்டு அக்டோபரிலேதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்தது. தகப்பனாரின் பேராசையை ஒரு பொய்த்தாடி வென்றுவிடலாம்; ஒரே லயத்தில் ஒருத்திக்கு ஒரு தேசமும் அவளை விரும்பியவனுக்கு மறுதேசமும் விதித்த கடதாசியை எந்த வேடம் வென்றிருக்கும்?

அன்றியும், விசுவநாதனின் செல்வத்தை உழைத்துக்கொடுத்த கைகள் திரையில் எங்கே? தொழிலாளரின் மாண்பைப் பற்றி 13ஆம் சிங்கராயர் 1891இலேயே சுற்றுமடல் எழுதிய திருச்சபையின் பிள்ளைகள், முத்தக்காட்சியைத் தேடிக் கண்டிப்பதில் காட்டும் தீவிரத்திற் பாதியையேனும் இக்கேள்விக்குக் கொடுத்தால் நம் விமரிசனம் கௌரவம் பெறும்.

இத்தனையும் மனத்திற்கொண்டு பார்க்க உட்கார்ந்தவரும், செல்லப்பாவாக வரும் நாகேஷ் பாலையாவிடம் தம் பேய்ப்படக் கதையைச் சொல்லத் தொடங்கியதும், எல்லாவற்றையும் ஒருபுறம் வைத்துவிடலாம். கதையைச் சொல்பவரை விட்டு, கேட்பவருடைய கண்களையும் நாற்காலியின் கையைப் பற்றும் விரல்களையுமே பாருங்கள். அக்காட்சிக்கு இறையியல் வேண்டியதில்லை.