மூளைக் கட்டிக்குள் ஒரு தெலூர் மாத்தா

மூளைக் கட்டிகளில் ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்று ஒன்று உண்டு. பெயர் வாயில் நுழையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நோயைப் போய் ரசிப்பதா என்று கேட்காதீர்கள். நோய்க்குறியியல் டாக்டர்களே ரசித்துத்தான் ‘பொரித்த முட்டை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாமாக் கடையில் நாசி கோரெங் மேல் வைத்துத் தரும் தெலூர் மாத்தாவேதான்: நடுவில் உருண்டையான உட்கரு, சுற்றிலும் வெளிறிய வட்டம். இப்படி வரிசை தெரியாமல் நெருங்கிக் கிடக்கும் செல்களுக்கு நடுவே மெல்லிய ரத்த நாளங்கள் கிளைபிரிந்து ஓடும்.

அந்த வெளிறிய வட்டம் உயிரோடிருக்கும் செல்லில் கிடையாது என்பதுதான் வேடிக்கை. வெட்டியெடுத்த திசு ஃபார்மலினில் ஊறிப் பதமாவதற்குள் செல் நீர் கோத்து உப்பிவிடுகிறது. அறுவை நடக்கும்போதே உறையவைத்துச் சீவிப் பார்க்கும் ஸ்லைடில் அந்த வட்டம் பெரும்பாலும் தெரியாது. பதப்படுத்துவதில் வரும் ஒரு பிசகே நோயின் அடையாளமாகி, தலைமுறை தலைமுறையாக டாக்டர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மலேசியாவின் மருத்துவ ஆராய்ச்சி நிலையமான ஐஎம்ஆர் 1900இல் தொடங்கியபோது அதன் பெயரே ‘நோய்க்குறியியல் நிலையம்’. அந்தக் காலத்தில் நுண்ணோக்கியும் கூர்மையான கண்ணும் இருந்தால் போதும். மரபணு ரொம்பப் பிந்தி வந்து அந்தக் கண்ணுக்குச் சாட்சி சொன்னது. நம் ‘பொரித்த முட்டை’ செல்களில் 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையும் முழுசாகக் காணாமல் போயிருக்கும். இரண்டு குரோமோசோம்களும் கைகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன; ஒட்டியதில் ஒன்று செல்லைவிட்டே தொலைகிறது. இந்த இழப்பு உள்ளவர்களுக்குக் கீமோ நன்றாக வேலை செய்கிறது என்று 1998இலேயே காட்டிவிட்டார்கள்.

இதே கட்டியில் தெரியும் அடுத்த மாற்றம் இன்னும் நுணுக்கம். ஐடிஎச்1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, ஜி இருக்கும் இடத்தில் ஏ. அதனால் புரதத்தின் 132ஆவது இடத்தில் ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்து உட்காருகிறது. மூளைக் கட்டிகளில் ஐடிஎச்1 மாற்றம் 2008இல் தெரியவந்தது. அப்படி மாறிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவாக்கினார்கள். நல்ல மூளைத் திசுவுக்குள் தன்னந்தனியாக ஊடுருவிப் போன ஒற்றைப் புற்றுச் செல்கூட அதில் பழுப்பாகத் தெரிந்து மாட்டிக்கொள்ளும்.

கிளியோபிளாஸ்டோமா என்ற இன்னொரு மூளைக் கட்டி கொடியது. அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: செத்துப்போன பகுதியைச் சுற்றிச் செல்கள் வேலி கட்டியதுபோல் நிற்கும். அமெரிக்காவின் ஆலன் மூளை ஆய்வு நிலையத்தார் அந்த வேலியைத் தனியாக லேசரால் வெட்டியெடுத்து ஆர்என்ஏவைப் படித்தார்கள். ஆக்சிஜனுக்குத் தவிக்கும் செல்லின் மரபணுக்கள் அங்கே ஓங்கியிருந்தன. ஸ்லைடில் எந்த இடம் எந்தப் பகுதி என்று எல்லை போடக் கணினியைப் பழக்கினார்கள். 2018இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த அவர்களது வரைபடத்தில் திசு, மரபணு, கணக்கு மூன்றும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

கணினி என்றதும் வாய் பிளக்கிறவன் அல்ல நான். ஆனாலும் அதே 2018இல் ஹைடல்பெர்க் குழுவினர் டிஎன்ஏவின் மெத்தில் குறிகளை வைத்து மூளைக் கட்டிகளை வகை பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சோதித்த நோயாளிகளில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு நோயின் பெயரே மாறியது. சென்னை ஐஐடியில் மைக்கேல் குரோமிகாவின் குழு உருவாக்கிய ‘ஜிபிஎம்டிரைவர்’, கிளியோபிளாஸ்டோமாவில் எந்த மரபணு மாற்றம் புற்றை ஓட்டுகிறது, எது சும்மா கூட வருகிறது என்று பிரித்துச் சொல்கிறது.

2016 முதல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இது: ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்று உறுதியாகச் சொல்ல முட்டை வடிவம் மட்டும் போதாது, ஐடிஎச் மாற்றமும் இரண்டு கைகளின் இழப்பும் சேர்ந்து தெரிய வேண்டும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் வீட்டுக்கு இந்தக் கட்டி பற்றி நோய்க்குறியியல் அறிக்கை வந்தால், ‘ஐடிஎச்’, ‘1பி/19கியூ’ (அந்த இரண்டு கைகளின் குறி) என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.