சுவரைக் காக்கும் சட்டம்

இங்கிலாந்தின் பழைய விக்டோரியக் காலத்து வீடுகளில், சீலிங்குக்கு ஓர் அடியோ ஒன்றரை அடியோ கீழே, நான்கு சுவர்களையும் சுற்றி ஒரு மரச்சட்டம் ஓடும். பிக்சர் ரெயில் என்று பெயர். இன்று அங்கும் அமெரிக்காவிலும் பலர் அதை அலங்காரமாக வாங்கிப் பொருத்துகிறார்கள். ஆனால் அது பிறந்தது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. அந்த வீடுகளின் உட்சுவர்கள் பல எப்படிக் கட்டப்பட்டன என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

மெல்லிய மரப்பட்டிகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக ஆணியடித்து, அதன்மேல் மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவார்கள். சாந்து இடுக்கு வழியாகப் பின்புறம் பிதுங்கிக் காய்ந்து, பட்டியைக் கவ்விக்கொள்ளும். இந்தப் பிடிதான் சுவரின் உயிர். கண்ட இடத்தில் ஆணி அடித்தால் அதிர்வில் பிடி விட்டுப்போகும், காரை பெயரும். ஆகவே, சுவருக்குள் நிற்கும் மரக்கால்களைத் தேடிப் பிடித்து அவற்றோடு ஒரே ஒரு முறை சட்டத்தை இறுக்கினார்கள். சட்டத்தின் வளைந்த மேல்விளிம்பில் கொக்கி உட்காரும். கொக்கியிலிருந்து கம்பியோ சங்கிலியோ இறங்கும். அதில் படம் தொங்கும். படத்தை இடம் மாற்றக் கொக்கியை நகர்த்தினால் போதும், சுவரில் புதிதாக ஓர் ஓட்டைகூட விழாது. இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கம்பி கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கொக்கியிலிருந்து கூம்பாக இரு பக்கமும் இறக்கினால், கோணம் விரிய விரிய கம்பியின் இழுவிசை ஏறும்; ஃபிரேமின் இரு பக்கங்களும் உள்நோக்கி இழுபடும்; தூசி துடைக்கும்போதெல்லாம் படம் சாயும். இரண்டு கொக்கி, நேராக இறங்கும் இரண்டு கம்பி என்றால் ஆளுக்குப் பாதி எடை, படமும் அசையாது. கனமான படங்களுக்கு இதுவே சரி.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை உயரம். அன்றைய அறைகள் ஒன்பது, பத்தடி உயரம் இருந்தன. சுவரை அடிப்பகுதி, நடுப்பகுதி, மேற்பட்டை என்று மூன்றாகப் பிரித்து அழகுபார்க்க அந்த உயரம் இடம்கொடுத்தது. இன்றைய எட்டடி அறையில் அதே சட்டத்தை ஓர் அடி இறக்கிப் பொருத்தினால், சீலிங் தலையில் இடிப்பதுபோல் இருக்கும். கொக்கி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு, சீலிங்கை ஒட்டிப் பொருத்துவது ஒரு வழி. சட்டத்துக்கு மேலுள்ள பட்டையைச் சீலிங்கின் நிறத்திலேயே அடிப்பது இன்னொரு வழி. இரண்டும் சமாளிப்புகள்தாம்.

அடுத்தது, தொங்கும் கம்பி கண்ணில் படும். படத்தின் மேல்பகுதி சற்று முன்னோக்கிச் சாயும். (நம் பழைய வீடுகளில் சாமி படமும் தாத்தா போட்டோவும் உயரத்தில் அப்படித்தான் குனிந்து பார்க்கும், அண்ணாந்து பார்ப்பவருக்கு அது வசதி.) சட்டத்தின் மேல்விளிம்பில் தூசி சேர்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் உண்மையான சண்டை வேறொன்றோடு. பசை தடவி ஒட்டும் நுரைச் சட்டங்களும், மெல்லிய எம்.டி.எஃப். சட்டங்களும் பிக்சர் ரெயில் என்ற பெயரிலேயே புழங்குகின்றன. பார்வைக்கு அதே வளைவு. ஆனால் கனமான ஒரு படத்தை மாட்டினால் சட்டமே கையோடு வந்துவிடும். இன்றைய பிளாஸ்டர் பலகைச் சுவரில் பசை பிடித்திருப்பது பெயின்ட்டையும் மேல்காகிதத்தையும்தான். உள்ளே பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரக்கால்களில் திருகாணி இறங்காமல் எடை நிற்காது. எடை தாங்காத பிக்சர் ரெயில் சுவரில் ஒட்டிய வெறும் கோடு.

பொருத்தும் வேலையும் சொல்லப்படுகிற அளவுக்கு எளிதல்ல. பழைய வீட்டில் எந்த மூலையும் சரியாக 90 பாகை இருக்காது. உள்மூலையில் இரண்டு சட்டத்தையும் 45 பாகையில் அறுத்துச் சேர்த்தால் வாய் பிளந்து நிற்கும். தேர்ந்த தச்சர் ஒன்றை மூலைவரை நேராக ஓட்டி, மற்றதன் முனையை முதலாவதன் வளைவுக்கு ஏற்பக் குடைந்து பொருத்துவார். பழைய சட்டத்தைச் சுரண்டிப் புதுப்பிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான ஈய பெயின்ட் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய பூச்சைச் சோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், ஈயத்தூள் வீட்டுக் குழந்தைகளின் மூச்சில் கலக்கும்.

நம் ஊர் செங்கல் சுவருக்கு இது தேவையா? துளைபோட்டு பிளக் அடித்தால் எவ்வளவு கனத்தையும் தாங்கும் சுவர் அது. ஆனால் “ஆணி அடிக்கக் கூடாது” என்று சொல்லியே சாவி கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல சமரசம். குடிவருகிறவர் மாறினாலும் சுவர் சல்லடையாகாது. மரம் வேண்டாம், கரையானுக்கு யார் பதில் சொல்வது? கண்காட்சிக் கூடங்களில் மாட்டும் அலுமினியத் தடமே போதும்.

சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் ஒன்பதடி உயரமும் உள்ள வீடு என்றால் மரச்சட்டத்தைத் தாராளமாகப் பொருத்துங்கள், திருகாணி மரக்காலில் இறங்குவதை உறுதிசெய்துகொண்டு. எட்டடி அறையில் வெறும் அழகுக்காக என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல படம் வாங்கலாம்.